எல்லாத்துக்கும் சரி

“இனிமே இந்தப் பிரவுசர்ல எதுவும் ஓடாதாம் அண்ணி. மேல மஞ்சளா ஒரு பட்டை போட்டிருக்கான் பாருங்க.”

“அதை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு தம்பி. உங்கண்ணன்கிட்டயும் சொன்னேன். ஓடற வரைக்கும் ஓடட்டும்னாரு.”

“வண்டிக்குச் சொல்ற பதிலையே இதுக்கும் சொல்லிட்டாரா?”

“டயருக்கும் அதேதான். முந்தாநாள் நடு ரோட்டுல வெடிச்சுதே, அந்த டயருக்கு.”

கொழுந்தன் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்தும் தண்ணி லாரிக் கம்பெனி அது. கீழே ஷெட். லாரிகள், மோட்டார், சுருட்டிப் போட்ட ஹோஸ்கள், எந்தக் காலத்திலும் காயாத சிமெண்ட் தரை. இரும்புப் படியேறி மேலே வந்தால் ஒரே ஒரு அறை, அதுதான் ஆபீஸ். பெரியவருக்கு வண்டிகள். சின்னவனுக்கு வாடிக்கையாளர்கள், பில், பேச்சு. இந்த அறை மட்டும் பெரியவரின் மனைவிக்கு. எந்த லாரி எப்போது எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவள்தான். டிரைவர்களுக்கு அவள் அண்ணி. போனில் குரலை மட்டுமே கேட்டிருக்கிறவர்களுக்கு லாரிக்கா. யார் முதலில் அப்படிக் கூப்பிட்டார்களோ தெரியாது, இப்போது அவளே போனை எடுத்ததும், “லாரிக்கா பேசறேன், சொல்லுங்க,” என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

அவள் வேலை பார்க்கும் விதம் புதிதாக வருகிறவர்களுக்குக் கோணலாகத் தெரியும். கம்ப்யூட்டருக்கு முக்கால்வாசி முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். மடியில் ஒரு பலகை, பலகைமேல் பழைய லாரி டியூப், கையில் கத்தி. தொட்டியும் ஹோஸும் சேருகிற இடத்தில் போடும் வாஷர்களை அவளேதான் வெட்டுவாள். கடை வாஷர் சொட்டும், அண்ணி வெட்டினது சொட்டாது என்று டிரைவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஆக, கண் ரப்பரில், கை கத்தியில். காது மட்டும் கம்ப்யூட்டரில்.

அடுக்குமாடி வீடுகளிலிருந்து ஆர்டர் வந்தால் ‘டிங்’ என்னும். லாரி வழியில் காரணமில்லாமல் நின்றுவிட்டால், வரைபடம் இருக்கும் பக்கம் ‘டொக் டொக்’ என்று கதவைத் தட்டும். மூன்றாவது, டயாலிசிஸ் சென்டரின் தண்ணித் தொட்டி. சிறுநீரகம் கைவிட்டவர்களைப் படுக்கவைத்து, மெஷின் அவர்கள் ரத்தத்தைக் கழுவிக் கழுவித் திருப்பிக் கொடுக்கும் இடம் அது. அதற்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டிக்குள் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினால், இங்கே அவள் அறையில் குக்கர் விசில் மாதிரி நீளமாக ஒரு சத்தம் வரும். விசில் வந்தால் கத்தியை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அவள் பார்த்ததும் சென்டரில் ‘பார்த்தாச்சு’ என்று காட்டும். எந்த லாரி எங்கே போய்க்கொண்டிருந்தாலும் திருப்பிவிடுவாள்.

“ஓட்டல்காரன் கத்துவான் அண்ணி,” என்பார்கள் டிரைவர்கள்.

“கத்தட்டும். கத்தறதுக்கு அவனுக்குத் தெம்பு இருக்கு. அங்க படுத்திருக்கறவங்களுக்கு அதுவும் இல்ல.”

எனவே, பிரவுசரை மாற்ற வேண்டும் என்றதும் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“சரி, புதுசையே போடு. ஆனா எனக்கு மூணு சத்தமும் கேக்கணும்.”

“கேக்கும் அண்ணி. இது எவ்வளவு வசதி தெரியுமா? ஆர்டர், மேப், தொட்டி, எல்லாத்தையும் தனித்தனி ஆப் மாதிரியே ஓட்டும். ஓரத்துல வரிசையா வந்து நின்னுக்கும். இத்தனை ஜன்னலைத் திறந்து போட்டுட்டு உக்கார வேணாம்.”

“நான் எங்க அதைப் பாக்கறேன்? சத்தம் வருமா வராதா, அதைச் சொல்லு.”

“வரும் வரும். எல்லாம் வரும்.”

புது பிரவுசர் இறங்கி வந்தது. வந்ததும் திரையின் நடுவில் ஒரு பெட்டியை நீட்டி ஏதோ கேட்டது. கொழுந்தன் ‘சரி’யை அழுத்தினான். இன்னொரு பெட்டி. ‘சரி’. இன்னொன்று. அவன் கண் பெட்டியில் இருந்ததோ இல்லையோ, விரல் ‘சரி’யின்மேலேயே இருந்தது.

“என்ன கேக்குது அது?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

“ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை தடவை கேக்குது?”

“புதுசா வேலைக்குச் சேந்தவன் மாதிரி. முதல் நாள் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் செய்யும்.”

“கேட்டா படிச்சுட்டுல்ல பதில் சொல்லணும்?”

“இதையெல்லாம் யாரு படிக்கறா? உலகத்துல எல்லாரும் சரிதான் அழுத்துவாங்க.”

அழுத்தி முடித்துவிட்டு, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். வேகமாகத்தான் ஓடியது, அதை அவளும் ஒப்புக்கொண்டாள். பழையது ஒரு லாரியை வரைபடத்தில் காட்டுவதற்குள், நிஜ லாரி போய்த் தண்ணீரை இறக்கிவிட்டு ஷெட்டுக்கே திரும்பிவிடும்.

மறுநாள் காலையில் மீசைக்காரர் படியேறி வந்தார். மூத்த டிரைவர். மீசையை எடுத்துப் பல வருஷமாகிறது, பெயரை எடுக்கத்தான் யாரும் சம்மதிக்கவில்லை.

“என்ன அண்ணி, இன்னிக்கு யாருக்கும் தண்ணி வேணாமா?”

“அதான் எனக்கும் தெரியல. எல்லாருமா சேந்து குளிக்கறதை விட்டுட்டாங்க போல.”

“அப்ப நான் வண்டியையாவது குளிப்பாட்டட்டுமா?”

“செய்யுங்க. தெருவுலயே அழுக்கான வண்டி தண்ணி லாரிதான்னு ஆளாளுக்குச் சிரிக்கறாங்க.”

அவர் இறங்கிப் போனார். அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். அறை அமைதியாக இருந்தது. இந்த அறை அமைதியாக இருந்தால், எல்லார் தொட்டியிலும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அந்த அர்த்தம் ஒருமுறைகூடப் பொய்யாகப் போனதில்லை. டீயைச் சூடாகவே குடித்து முடித்தாள், அதுவே அபூர்வம். வாஷர்கள் பலகையில் குவிந்தன. மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது. பிறகு நினைக்க நினைக்க அவளுக்கு அதிகம் எரிந்தது அந்த நிறைவுதான்.

போன் அடித்தது. சென்டரின் சிஸ்டர்.

“லாரிக்கா! வண்டி எங்கக்கா?”

“எந்த வண்டி சிஸ்டர்?”

“என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? தொட்டி காலி! மோட்டார் வெறும் காத்தை இழுக்குது. எல்லா மெஷினும் கத்துது. ஆளுங்க படுத்திருக்காங்கக்கா!”

“விசிலே வரலையே!”

“வந்துச்சுக்கா. ‘பார்த்தாச்சு’ன்னு எனக்கு இங்க காட்டுது. நீங்க பார்த்துட்டீங்க, வண்டி வந்துட்டே இருக்கும்னு நம்பித்தானே நான் போன்கூடப் பண்ணாம இருந்தேன்?”

அவள் அதற்குள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருந்தாள்.

“மீசைக்காரரே! கழுவினது போதும்! சென்டருக்கு! அப்படியே எடுங்க!”

நுரையோடு கிளம்பியது லாரி. வழியெல்லாம் சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போயிற்றாம். ஆனால் நுரையைப் பார்த்து நெரிசல் வழிவிடுமா? அது போய்ச் சேர்வதற்குள், அங்கே எல்லாருடைய ரத்தத்தையும் உடம்புக்குத் திருப்பி ஏற்றி, மெஷினிலிருந்து கழற்றி, பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

சாயங்காலம் கொழுந்தன் போனை நீட்டிக்கொண்டு மேலே வந்தான்.

“பாருங்க அண்ணி. விசில் வந்திருக்கு. பார்த்தாச்சுன்னும் பதிவாகியிருக்கு.”

“நான் பாக்கல.”

“பக்கம் திறந்திருக்கு. ரூம்ல நீங்க மட்டும்தான் இருந்திருக்கீங்க. வேற யாரு பாத்தா?”

“எனக்கு விசில் கேக்கலைன்னு சொல்றேன்.”

“கேக்கலைன்னா…” அவன் குரலைத் தணித்துக்கொண்டான். இரக்கப்படுகிறானாம். “கொஞ்சம் கண் அசந்திருப்பீங்க. பரவாயில்ல அண்ணி. வயசாகுதுல்ல.”

அவள் இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள்.

“எண்ணிக்கோ.”

“என்னது?”

“விரலை எண்ணு. கத்தியைக் கையில வச்சுக்கிட்டு கண் அசந்தா எல்லா விரலும் இருக்குமா? இதோ குவிஞ்சு கிடக்கே, இது தூங்கினவ வெட்டின வாஷரா?”

“நான் தப்பா சொல்லல அண்ணி…”

“தப்பா சொல்றதுக்கு இன்னும் என்ன மிச்சம் வச்சிருக்க?”

அப்போதுதான் பெரியவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் பேசினால் ஷெட்டில் இருக்கும் மோட்டாருக்குக்கூடக் கேட்காது, அவ்வளவு அளந்து பேசுகிறவர்.

“விடுங்க. நடந்தது நடந்துபோச்சு. சென்டர் டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

வெளியே போய் இரும்புப் படியில் நின்று பேசினார். இரும்புப் படிக்கு ஒரு குணம் உண்டு. அங்கே முணுமுணுத்தாலும் உள்ளே தெளிவாகக் கேட்கும். இத்தனை வருஷம் அந்த ஷெட்டில் இருந்தும் அவருக்கு அது தெரியவில்லை.

“ஆமா டாக்டர்… ஆமா… எங்க வீட்டு அம்மாதான் அதைப் பாத்துக்கறாங்க. கொஞ்சம் அசந்துட்டாங்க… பொம்பளைங்க, வீட்டு வேலையும் பாக்கணும்ல… இல்ல இல்ல, இனிமே தனியா ஒரு ஆள் போட்டுடறேன் டாக்டர். நீங்க கவலைப்படாதீங்க.”

உள்ளே வந்தவர், அவள் நின்றிருந்த நிலையைப் பார்த்துவிட்டு, துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“நான் அசந்தேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“ஏதாவது ஒண்ணு சொல்லணும்லம்மா? நம்ம ஏற்பாடே சரியில்லன்னு சொன்னா, கம்பெனியே சரியில்லன்னு அர்த்தம். வேற ஆளைப் பாத்துக்குவாங்க. ஒரு ஆளு அசந்துட்டாங்கன்னா, சரி போனா போகுதுன்னு மன்னிச்சுருவாங்க.”

“அந்த ஒரு ஆளு நான்.”

“நமக்குள்ளதானே.”

“டாக்டர் எப்போலேர்ந்து நமக்குள்ள?”

பதில் இல்லாத இடத்தில் எல்லாம் அவருக்குக் கீழே ஒரு வண்டி ரிப்பேருக்கு இருக்கும். இறங்கிப் போய்விட்டார்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அந்தச் சிஸ்டரை அவள் நேரில் பார்த்ததில்லை. டாக்டரையும் இல்லை. அங்கே வந்து படுக்கிற ஒருவரைக்கூட இல்லை. அவர்களுக்கு அவள் ஒரு குரல், அவ்வளவுதான். ‘வண்டி கிளம்பிருச்சு’ என்று சொல்லும் குரல். அது சொன்னால் வண்டி வரும். அந்தக் குரல் தூங்கிவிட்டது என்று இவர் போய்ச் சொல்லிவிட்டார். கட்டின மனுஷன். ஒரு வார்த்தை அவளைக் கேட்காமல்.

மறுநாள் காலையில் அவள் கத்தியை எடுக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதல்முறையாகக் கம்ப்யூட்டரை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்தாள். ஓரத்தில் மூன்று ஆப்களும் வரிசையாக நின்றன. ஆர்டர் படத்தின் தலையில் கடுகளவு சிவப்புப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரைபடத்தின்மேலும் ஒரு புள்ளி வந்தது. சத்தம் இல்லை. அவள் போனை எடுத்தாள்.

“சிஸ்டர், லாரிக்கா பேசறேன்.”

“சொல்லுங்க.”

வெறும் ‘சொல்லுங்க’. அந்த ‘அக்கா’ போய்விட்டது.

“தொட்டிக் கருவியில சோதனை பட்டன் ஒண்ணு இருக்குல்ல? நான் சொல்றப்போ அதை அழுத்தறீங்களா?”

“எதுக்கு?”

“நான் தூங்கறேனா முழிச்சிருக்கேனான்னு பாக்கணும்.”

“சரி. லைன்லயே இருங்க.”

அவள் படிக்குப் போய்க் கீழே பார்த்துக் கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்தில், பெரியவர் ஸ்பானரோடு வந்தார். கொழுந்தன் வண்டிச் சாவியோடு வந்தான். கூப்பிடாமலேயே மீசைக்காரரும் வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

“யாரும் பேசக் கூடாது. மூச்சு மட்டும் விட்டுக்கலாம்,” என்று சொல்லிவிட்டு, போனை மேசைமேல் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி செய்தாள். “சிஸ்டர், அழுத்துங்க.”

“அழுத்திட்டேன்.”

மின்விசிறி சுற்றியது. கீழே எங்கோ ஒரு வால்வு சொட்டியது. தெருவில் யாரோ ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிப் படத்தின் தலையில், கேட்காமல் கொள்ளாமல் ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது.

“இன்னும் கையை எடுக்கல நான்,” என்றது சிஸ்டரின் குரல். “இங்க ‘பார்த்தாச்சு’ன்னு வந்துருச்சே?”

“இந்த ரூம்ல இத்தனை பேரு நிக்கறோம் சிஸ்டர். யார் காதுலயும் ஒண்ணும் விழல.”

மீசைக்காரர் மெதுவாகக் கேட்டார்: “அண்ணி, அப்ப நானும் அசந்துட்டேனா?”

கொழுந்தன் சட்டென்று கம்ப்யூட்டருக்குமுன் குனிந்தான். அங்கே தொட்டான், இங்கே தொட்டான். காது நுனி சிவந்துகொண்டே வந்தது.

“என்ன தம்பி?”

“ஆப் எல்லாத்தோட சத்தத்தையும் நிறுத்தி வச்சிருக்கு. வேலைக்குத் தொந்தரவா இருக்கும்னு… நிறுத்தட்டுமான்னு முதல்லயே கேட்டிருக்கும் போல.”

“கேட்டுச்சு. நான் பக்கத்துலதானே நின்னேன். என்ன கேக்குதுன்னு உன்னைக் கேட்டேன்.”

“நான்…”

“ஒண்ணுமில்லன்னே. சரின்னு அழுத்தினே.”

“ஆனா அந்தப் ‘பார்த்தாச்சு’?” என்றார் பெரியவர்.

“பக்கம் திறந்திருந்தாலே அது பார்த்தாச்சுன்னு அனுப்பிடுது அண்ணா.”

“யாரும் பாக்காமலா?” என்றாள் அவள். “நல்லா இருக்கே! காதையும் பொத்தும், பார்த்தாங்கன்னு சாட்சியும் சொல்லும். இது என்ன பிரவுசரா, கோள்மூட்டியா?”

போனில் சிஸ்டர் தொண்டையைச் செருமினாள்.

“அக்கா.”

அந்த ஒரு சொல்லுக்கு அவள் கண் கலங்கிவிட்டது. கோபமாக இருக்கும்போது இப்படி ஆனால் இன்னும் கோபம்தான் வரும்.

“சொல்லுங்க சிஸ்டர்.”

“எனக்குப் புரிஞ்சுதுக்கா. ஆனா ஒண்ணு சொல்லணும். நேத்து ஐயா சொன்னதை வச்சு, டாக்டர் எல்லார் வீட்டுக்கும் காரணம் சொல்லச் சொன்னாரு. நான்தான் போன் பண்ணேன். தண்ணி லாரி அம்மா தூங்கிட்டாங்கன்னு… எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்க்கா.”

மீசைக்காரர் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்.

“நேத்து பாதியில அனுப்பின ஒரு அம்மாவுக்கு இன்னிக்குக் காலையில மூச்சு வாங்கிடுச்சு. இப்பத்தான் கூட்டிட்டு வந்து மெஷின்ல போட்டிருக்கோம், பரவாயில்லாம இருக்காங்க. அவங்க பொண்ணுக்குத்தான் ஆத்திரம். யாரு அந்தத் தூங்கின பொம்பளைன்னு கேட்டுட்டே இருக்காங்க.”

“அந்தப் பொண்ணோட நம்பரை எனக்கு அனுப்புங்க சிஸ்டர்,” என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

கொழுந்தன் அவசர அவசரமாகச் சத்தத்தைத் திறந்துவிட்டான். இரண்டு நாளாக வாயைப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாகக் கத்தின. டிங், டிங், டொக் டொக், டிங். அறையே அதிர்ந்தது. மீசைக்காரர் ஓரடி பின்வாங்கினார்.

“சரியாயிடுச்சு அண்ணி! உக்காருங்க, ஆர்டர் குவிஞ்சு கிடக்கு.”

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அண்ணி, டிங்குங்குது,” என்றார் மீசைக்காரர்.

“அடிக்கட்டும்.”

“என்னம்மா இது?” என்றார் பெரியவர். “உன் தப்பு இல்லன்னுதான் தெரிஞ்சுபோச்சே. நான் ஒத்துக்கறேன். உன்மேல தப்பே இல்ல.”

“இதை என்கிட்ட சொல்லி என்ன? நான் தூங்கலைன்னு எனக்குத் தெரியாதா? நேத்து யார்கிட்ட சொன்னீங்களோ அவர்கிட்ட சொல்லுங்க.”

“இன்னொரு தடவை கூப்பிட்டா அசிங்கமா இருக்கும்.”

“எது அசிங்கம்? நேத்து சொன்னது அசிங்கமா, இன்னிக்கு மாத்திச் சொல்றது அசிங்கமா?”

“கம்பெனி பேரு…”

“கம்பெனிக்குப் பேரு இருக்கு, எனக்கு இல்லையா? பேரைக் காப்பாத்த ஒரு ஆளைத் தள்ளிவிடணும்னதும் உங்களுக்கு ஏன் என் ஞாபகம் வந்துச்சு? இவன் நின்னான்ல பக்கத்துல? ‘என் தம்பி படிக்காம அழுத்திட்டான்’னு சொல்ல வாய் வரலையே? கேக்கறதுக்கு முன்னாடியே என் தலையைக் கொண்டுபோய்க் குடுத்துட்டீங்க. அசந்துட்டாளாம். பொம்பளையாம். வீட்டு வேலையாம். எந்த வீட்டு வேலையைப் பாத்துக்கிட்டு இந்த நாற்காலியை விட்டு எழுந்தேன்? சொல்லுங்க!”

அவர் ஸ்பானரைப் பார்த்தார். ஸ்பானருக்கும் தெரியவில்லை.

அப்போது நீளமாக விசில் அடித்தது. குக்கர் விசில். சோதனை இல்லை, நிஜம். தொட்டி பாதிக்கு வந்துவிட்டது. அவள் கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. ஓரெட்டில் மேசைக்கு வந்து, பார்த்து, ‘வண்டி கிளம்பிருச்சு’ பட்டனைத் தட்டினாள்.

“மீசைக்காரரே, சென்டர்.”

“இதோ போயிட்டேன்.” அவர் படியை அதிரவைத்துக்கொண்டு இறங்கினார்.

அவள் மறுபடி ஜன்னலோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டாள்.

“சென்டருக்கு மட்டும் வண்டி போகும். மத்ததெல்லாம் நிக்கும். நீங்க பேசற வரைக்கும்.”

டிங், டிங், டிங். கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வழக்கம்போலப் படிப்பக்கம் நகர்ந்தார்.

“இங்கயே பேசுங்க. அங்க பேசினாலும் கேக்கும். எனக்குத்தான் நேத்தே கேட்டுச்சே.”

பெரியவர் நின்றுவிட்டார். நேற்று படியில் பேசியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் அப்படித்தான் போயிற்று. மேசைக்கே திரும்பி வந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தே கூப்பிட்டார்.

“டாக்டர், நான்தான்… நேத்து சொன்னேன்ல, அது வந்து… இங்க கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன…”

“சின்னதா?” என்றாள் அவள்.

“…ஒரு பெரிய தப்பு டாக்டர். எங்க தப்பு. புதுசா பிரவுசர் மாத்தினோம். என்ன கேக்குதுன்னு படிக்காம சத்தத்தை நிறுத்தி வச்சுட்டோம். விசில் இங்க அடிக்கவே இல்ல. எங்க வீட்டு அம்மா தூங்கல. முழிச்சுக்கிட்டு வேலை பாத்துட்டுத்தான் இருந்தாங்க.”

“அப்ப நேத்து ஏன் அப்படிச் சொன்னீங்க?” டாக்டரின் குரலில் கோபம்கூட இல்லை, வேறு வேலை நடுவில் கேட்கிறவரின் அவசரம்தான்.

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. இந்த ஒரு பதிலை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

“அவங்களை நான் கேக்கவே இல்ல டாக்டர்,” என்றார் கடைசியில். “கேக்காமலேயே சொல்லிட்டேன்.”

“சரி. இனிமே பாதித் தொட்டியானா எங்க ஆளும் ஒரு போன் பண்ணிடுவாங்க. வேற ஆள் போடறேன்னீங்களே?”

“இல்ல டாக்டர். அவங்கதான் இருப்பாங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “இருக்கச் சம்மதிச்சா.”

போன் அடங்கியது. அவள் மெல்ல வந்து நாற்காலியைப் பிடித்தாள். கொழுந்தன் பெரிய மூச்சாக விட்டான்.

“அப்பாடா. முடிஞ்சுது அண்ணி, ஆர்டரை எடுங்க.”

“எடுக்கறேன். நீ உன் போனை எடு.”

“நானா? எதுக்கு?”

“சிஸ்டர் நம்பர் அனுப்பியிருக்காங்க. அந்த அம்மாவோட பொண்ணு நம்பர்.”

“அவங்க திட்டுவாங்களே அண்ணி!”

“திட்டுவாங்க. அவங்க அம்மாவுக்கு மூச்சு வாங்கினா திட்டாம கொஞ்சுவாங்களா?”

“அண்ணா…” என்று திரும்பினான். அண்ணனுக்குக் கீழே ஒரு வண்டி ரிப்பேருக்கு இருந்தது. ஆனால் இந்தத் தடவை அவர் இறங்கிப் போகவில்லை. கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

“பேசுடா,” என்றார்.

அவள் எண்ணைத் தட்டி, போனை அவன் கையில் வைத்தாள்.

“அந்தப் பச்சை பட்டன்தான். எல்லாத்துக்கும் சரின்னு அழுத்தின அதே விரலாலயே அழுத்து.”

அழுத்தினான். மறுபுறம் மணி அடிப்பது எல்லாருக்கும் கேட்டது. அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கத்தியைத் தொடவில்லை.

“ஹலோ, யாரு?” என்றது ஒரு பெண் குரல், அழுது களைத்த குரல்.

“நான்… தண்ணி லாரிக் கம்பெனியிலேர்ந்து பேசறேன்ங்க…”

“தண்ணி லாரியா? அந்தத் தூங்கின பொம்பளை அங்க இருக்காங்களா? முதல்ல அவங்ககிட்ட குடுங்க போனை. எனக்கு அவங்களைக் கேக்கணும்.”

கொழுந்தன் சட்டென்று போனை அவளை நோக்கி நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

“தூங்கலைன்னு சொல்லு,” என்றாள். “அப்புறம் குடு.”